ஏரியைப் பார்க்கிறோம், அணையைப் பார்க்கிறோமா?

2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பினாங்கில் பெய்த மழையை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவி. ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்தில் எங்கள் வீடு. மின்சாரம் போய்விட்டது. காற்றில் மரங்கள் முறிந்து விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வாசலில் தண்ணீர் ஏறுவதை அப்பா கைவிளக்கு அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டி மட்டும் வாசலைப் பார்க்கவில்லை. மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு, “ஏம்பா, மேல இருக்குற அணை தாங்குமா?” என்று கேட்டார்.

அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. யாரைக் கேட்பது என்பதும் தெரியவில்லை. இத்தனைக்கும் பல ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நடைப்பயிற்சிக்குப் போவது அந்த அணைக்குத்தான்.

அந்த வெள்ளத்தில் பினாங்கில் 7 பேர் உயிரிழந்தார்கள். ஆயர் ஈத்தாம் அணைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறு வாரமே மக்கள் மீண்டும் அங்கே நடக்கப் போனார்கள். பாட்டியின் கேள்வியை எல்லாரும் மறந்துவிட்டோம். இப்போது நான் பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மண் இயக்கவியல் பாடத்தில் ஒரு காணொளியைப் பார்த்த நாளில்தான் அந்தக் கேள்வி எனக்குத் திரும்ப வந்தது.

பத்து விநாடியில் கரைந்த கரை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ளது ஈடன்வில் அணை. 2020 மே 19ஆம் தேதி மாலை அங்கு வசிக்கும் ஒருவர் எடுத்த காணொளி அது. பச்சைப் புல் போர்த்திய நீண்ட மண்கரை தெரிகிறது. கரைக்கு மேல் தண்ணீர் வழியவில்லை. திடீரென்று கரையின் ஒரு பகுதி முன்பக்கமாகச் சரிகிறது. அடுத்த சில விநாடிகளில் ஏரி அந்த இடைவெளி வழியே வெளியே பாய்கிறது. எல்லாம் சேர்த்துப் பத்து விநாடிதான் இருக்கும்.

வகுப்பில் யாரும் பேசவில்லை. மண் அணை என்றால் தண்ணீர் மேலே ஏறி, வழிந்து, கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத்தான் உடையும் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

ஈடன்வில் அணை 1920களின் நடுப்பகுதியில் மின்சாரம் எடுப்பதற்காகக் கட்டப்பட்டது. ஆனால், அதைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கு அது மின் நிலையமாகத் தெரியவில்லை. அணையால் உருவான விக்சம் ஏரிதான் அவர்களுக்குத் தெரிந்தது. கரையெங்கும் வீடுகள், படகுத்துறைகள். கோடையில் படகு ஓட்டுவார்கள், மீன் பிடிப்பார்கள். ஏரி நிறைந்திருந்தால் வீட்டின் விலையும் நிறைந்திருக்கும். இந்த உறவு மிகவும் முக்கியமானது. அணையின் பாதுகாப்புக்கு ஏரியின் மட்டத்தைக் குறைப்பது நல்லதாக இருக்கலாம். கரையில் வீடு வைத்திருப்பவருக்கோ தண்ணீர் குறைந்தால் படகு சேற்றில் நிற்கும்.

அன்று ஈடன்வில் உடைந்த தண்ணீர் கீழே இருந்த சான்ஃபோர்ட் அணையின் மேல் வழிந்து அதையும் உடைத்தது. மிட்லண்ட் நகரம் உள்ளிட்ட பகுதிகளிலிருந்து 10,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். கொரோனா முடக்கக் காலத்தில் இது நடந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். சுமார் 2,500 கட்டடங்கள் சேதமடைந்தன. இழப்பு ஏறக்குறைய 20 கோடி அமெரிக்க டாலர். சரியான நேரத்தில் மக்களை வெளியேற்றியதால் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

எல்லாருக்கும் தெரிந்த குறை

இந்த அணையில் குறை இருப்பது யாருக்கும் தெரியாமல் இருந்ததா? அப்படியில்லை.

ஒவ்வொரு மண் அணைக்கும் மிகைநீரை வெளியேற்ற ஒரு வழி இருக்க வேண்டும். நம் பழைய தமிழில் அதற்குக் கலிங்கு என்று பெயர். பெருமழையில் வரும் வெள்ளத்தைக் கலிங்கால் வெளியேற்ற முடியாவிட்டால் தண்ணீர் கரைமேல் ஏறும். ஈடன்வில்லின் கலிங்கு, அந்த இடத்தில் வரக்கூடியதாகக் கணக்கிடப்பட்ட உச்ச வெள்ளத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் தாங்கும். மின்சாரம் தயாரிக்கும் அணைகளைக் கண்காணிக்கும் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் இதைப் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டியது. கடிதங்கள் எழுதியது, கெடு விதித்தது. அணைக்குச் சொந்தமான தனியார் நிறுவனமோ கையில் பணமில்லை என்றது. கடைசியில் 2018 செப்டம்பரில் ஆணையம் அதன் மின் உற்பத்தி உரிமத்தையே ரத்து செய்தது.

தண்டனை சரிதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால், அதன் விளைவு தலைகீழாக அமைந்தது.

உரிமம் போனதும் மின்சாரம் விற்று வந்த வருமானம் நின்றது. பழுது பார்க்க இருந்த கொஞ்ச வழியும் அடைபட்டது. அதோடு, மின்சாரம் தயாரிக்காத அணை மத்திய ஆணையத்தின் அதிகாரத்துக்குள் வராது. அதனால், கண்காணிக்கும் பொறுப்பு மாநில அரசுக்குப் போனது. மாநிலத்தின் விதி மத்திய விதியைவிடத் தளர்வானது. உச்ச வெள்ளத்தில் பாதியைத் தாங்கினால் போதும் என்றது அது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணைகளுக்குப் பொறுப்பான மாநிலப் பிரிவில் அப்போது இருந்தவர்கள் ஒரு மேற்பார்வையாளரும் இரண்டு பொறியாளர்களும்தான். அவர்கள் 2018 அக்டோபரில் வந்து பார்த்தார்கள். கட்டமைப்பு ஓரளவு நல்ல நிலையில் இருப்பதாக எழுதிவிட்டுப் போனார்கள்.

இதற்கிடையே ஏரியைச் சுற்றி வாழ்ந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. ஏரிகளைக் காப்பாற்ற ஓர் அமைப்பை உருவாக்கி, அணைகளை வாங்கிச் சீரமைக்கத் திட்டமிட்டார்கள். ஏரியின் மட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று 2019இல் நீதிமன்றமும் உத்தரவிட்டது. குளிர்காலத்தில் நிறுவனம் நீர்மட்டத்தைக் குறைத்தது. அதனால் ஏரியில் வாழும் நன்னீர்ச் சிப்பிகள் பெருமளவில் மடிந்ததாக 2020 ஏப்ரல் 30ஆம் தேதி மாநில அரசு வழக்குத் தொடுத்தது. அணை உடைந்தது அதற்குப் பத்தொன்பதாம் நாள்.

இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு நடந்துகொண்டதாக எனக்குத் தெரியவில்லை. சிப்பிகளைக் காக்க ஒரு சட்டம் இருந்தது. ஏரி மட்டத்தைக் காக்க ஒரு சட்டம் இருந்தது. மின் உற்பத்திக்கு ஒரு சட்டம் இருந்தது. கரையைக் காப்பதற்குத் தேவையான அதிகாரமும் பணமும் மட்டும் ஒரே கையில் சேரவில்லை.

யாரும் பார்க்காத குறை

இதைவிட எனக்கு அதிர்ச்சி தந்த செய்தி 2022 மே மாதம் வெளிவந்தது. சுதந்திரப் பொறியாளர் குழு ஒன்று இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. பல ஆண்டுகளாக எல்லாரும் சண்டை போட்டது கலிங்கைப் பற்றி. கரை உடைந்ததோ வேறு காரணத்தால்.

உடைந்த பகுதி தளர்வான மணலால் கட்டப்பட்டிருந்தது. பத்து பெரிங்கி கடற்கரையில் அலை வந்து போன ஈர மணலில் நின்று காலை வேகமாக அசைத்துப் பாருங்கள். அதுவரை கெட்டியாக இருந்த மணல் சட்டென்று இளகி, பாதம் உள்ளே இறங்கும். தளர்வான மணலின் இடைவெளிகளில் தண்ணீர் நிறைந்திருந்து, சுமை ஒரு எல்லையைத் தாண்டினால், மணல் தன் வலிமையை ஒரே நொடியில் இழந்து திரவம் போல ஓடும். ஈடன்வில்லில் நடந்தது இதுதான். மூன்று நாள் மழையில் ஏரி அதுவரை காணாத உயரத்துக்கு ஏறியது. கரைக்குள் நீரும் ஏறியது. மணல் இளகியது.

1920களில் கட்டியவர்கள் வரைபடத்தில் இருந்தபடி கட்டவில்லை. சில இடங்களில் சரிவு வரைபடத்தில் காட்டியதைவிடச் செங்குத்தாக இருந்தது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளில் எத்தனையோ பொறியாளர்கள் அந்தக் கரையில் நடந்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பிட்ட பகுதியின் மண்ணைத் தோண்டி எடுத்துச் சோதித்து, அது நிற்குமா என்று முறையாகக் கணக்கிட்டவர் ஒருவரும் இல்லை. நூறு ஆண்டுகள் நின்றதே நல்ல அணை என்பதற்குச் சான்றாகிவிட்டது.

இந்த விபத்தை முன்கூட்டியே கண்டிருக்கலாம், தடுத்தும் இருக்கலாம் என்று குழு முடிவு செய்தது. ஆனால், ஒரு தனி மனிதர் மீதோ ஒரு நிறுவனத்தின் மீதோ மட்டும் பழியைப் போட அது மறுத்தது. பல பத்தாண்டுகளாகப் பலர் எடுத்த, எடுக்காமல் விட்ட முடிவுகள் ஒன்றுசேர்ந்த விளைவு இது என்றது.

வெள்ளை முதலையின் கதை

பழி போட ஓர் ஆளைத் தேடும் பழக்கம் நம் நாட்டிலும் உண்டு. சிலாங்கூரில் கோலகுபுபாருவுக்குப் பக்கத்தில் அம்பாங் பெச்சா என்று ஒரு கிராமம் இருக்கிறது. பெயரிலேயே வரலாறு இருக்கிறது: அம்பாங் என்றால் அணை, பெச்சா என்றால் உடைந்தது. ஈயம் எடுப்பதற்காக உள்ளூர் மக்கள் மண்ணும் மரமும் கொண்டு கட்டிய பழைய அணை ஒன்று அங்கே இருந்தது. 1883 அக்டோபர் 29ஆம் தேதி அது உடைந்தது. கோலகுபு நகரின் வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. பலர் மாண்டார்கள். மாவட்ட அதிகாரியாக இருந்த சிசில் ரேங்கிங் என்ற ஆங்கிலேயரும் அவர்களில் ஒருவர்.

அந்த அதிகாரி அணையைக் காத்துவந்த வெள்ளை முதலையைச் சுட்டுவிட்டார், அதனால்தான் அணை உடைந்தது என்று ஊரில் கதை சொல்வார்கள். சிறு வயதில் கேட்டபோது எனக்கு அது பிடித்த கதை. இப்போது வேறு மாதிரி படுகிறது. முதலை மேல் காரணத்தை வைத்துவிட்டால், பழைய மண்கரையை அதுவரை யார் பார்த்தார்கள் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

சட்டம் இருந்தால் போதுமா?

சட்டம் கடுமையாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் அனுபவம் இதைக் காட்டுகிறது.

1925இல் வேல்ஸ் பகுதியின் டோல்கரோக் என்ற ஊரில் அணை உடைந்து 16 பேர் இறந்தார்கள். அதன்பின் 1930இல் பிரிட்டன் நீர்த்தேக்கப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1975இல் அது இன்னும் வலுவாக்கப்பட்டது. பெரிய நீர்த்தேக்கங்களை அரசு அங்கீகரித்த சுதந்திரப் பொறியாளர் ஒருவர் குறைந்தது 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வு செய்தே ஆக வேண்டும். அவர் பாதுகாப்புக்காகச் சொல்லும் வேலைகளை உரிமையாளர் தட்ட முடியாது.

அப்படியும் 2019 ஆகஸ்டு 1ஆம் தேதி வேலி பிரிட்ஜ் என்ற சிறு நகரம் நடுங்கியது. அதன் தலைக்கு மேலே 1830களில் கட்டிய டோட்புரூக் மண் அணை இருக்கிறது. கால்வாய்க்குத் தண்ணீர் தரக் கட்டியது. பிற்காலத்தில் பாய்மரப் படகு ஓட்டுபவர்களின் இடமாகவும் ஆகிவிட்டது. பெருமழையில் அதன் கலிங்கின் கான்கிரீட் பலகைகள் பெயர்ந்து, அடியில் இருந்த மண் அரித்துப் போனது. சுமார் 1,500 பேர் வெளியேற்றப்பட்டார்கள். ராணுவ ஹெலிகாப்டர் 400 டன்னுக்கும் மேற்பட்ட கற்களை அந்தக் குழியில் கொட்டியது. பம்புகள் இரவு பகலாக ஏரியைக் காலி செய்தன. அணை தப்பியது. 1970 வாக்கில் சேர்க்கப்பட்ட அந்தக் கலிங்கின் வடிவமைப்பே மோசம், விட்டுவிட்டு நடந்த பராமரிப்பு அதை மேலும் கெடுத்தது என்றது பின்னர் வந்த சுதந்திர ஆய்வு.

எனவே சட்டம் விபத்தையே ஒழித்துவிடாது. ஆனால், வேலி பிரிட்ஜ் மக்கள் “இந்த அணை யாருடையது, யார் பார்த்தார்கள், என்ன சொன்னார்கள்” என்று கேட்டபோது பதில் சொல்ல ஓர் உரிமையாளர் இருந்தார், ஓர் அறிக்கை இருந்தது. சட்டம் தந்த பயன் அது.

நம் நாட்டில் எப்படி?

மலேசியாவில் அணைகள் ஒரே கையில் இல்லை. மின்சாரத்துக்கான அணைகள் மின் நிறுவனங்களிடம், குடிநீருக்கானவை மாநில நீர் நிறுவனங்களிடம், பாசனத்துக்கும் வெள்ளத் தடுப்புக்குமானவை பெரும்பாலும் வடிகால், நீர்ப்பாசனத் துறையிடம் உள்ளன. நிலமும் ஆறுகளும் மாநில அரசுகளின் அதிகாரத்தில் வருபவை. மேலும் 2017இல் அணைப் பாதுகாப்பு மேலாண்மைக்கான தேசிய வழிகாட்டி ஒன்று வெளிவந்தது. எப்போது ஆய்வு செய்ய வேண்டும், உடைந்தால் கீழே யாருக்கு என்ன ஆபத்து என்று எப்படி வகைப்படுத்த வேண்டும், அவசரகாலத் திட்டம் எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் அது சொல்கிறது. நல்ல வழிகாட்டி. ஆனால், வழிகாட்டி என்பது வழி காட்டும். போகாதவரை இழுத்துச் செல்லும் வலு சட்டத்துக்குத்தான் உண்டு.

அணை உடையாமலே உயிர் போகலாம் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2013 அக்டோபர் 23ஆம் தேதி அதிகாலையில் கேமரன்மலையில் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அது கான்கிரீட் அணை. அதைக் காக்கத் திறந்த தண்ணீர், கீழே பெர்தாம் பள்ளத்தாக்கில் தூங்கிக்கொண்டிருந்த மக்கள் மேல் வந்தது. உயிர்கள் பலியாயின. அணை பத்திரமாக இருந்தது. ஆற்றங்கரையில் இருந்தவர்கள் பத்திரமாக இல்லை. அணைப் பாதுகாப்பு என்பது கரையோடு முடிவதில்லை, கீழே குடியிருப்பவர் வீட்டு வாசல்வரை வர வேண்டும் என்று அந்த இரவு காட்டியது.

மழையும் மாறிவிட்டது. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாதம் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியதாக அதிகாரிகளே சொன்னார்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் நின்றதை நாம் மறக்கவில்லை. 50, 60 ஆண்டுகளுக்கு முன் கட்டிய அணையின் கலிங்கு அந்தக் கால மழைக் கணக்கை வைத்துக் கட்டியது. அந்தக் கணக்கை அவ்வப்போது திரும்பப் போட்டுப் பார்ப்பதும் பாதுகாப்பு ஆய்வின் ஒரு பகுதிதான்.

மூன்று கேள்விகள்

ஆயர் ஈத்தாம் அணை 1962இல் பயன்பாட்டுக்கு வந்தது. எங்கள் பாட்டி இளம் பெண்ணாக இருந்த காலம். அந்த அணையில் குறை இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, ஆதாரமும் இல்லை. முறையாகப் பார்த்துக்கொண்டால் மண் அணைகள் நூறு ஆண்டு தாண்டியும் நிற்கும். என் கவலை வேறு. அங்கே காலாற நடக்கும் நாம், தாசேக்குப் போனோம், காற்று வாங்கினோம் என்றுதான் பேசுகிறோம். அணைக்குப் போனோம் என்று வாய் சொன்னாலும், கண் பார்ப்பது தண்ணீரைத்தான். ஈடன்வில்லிலும் மக்கள் விக்சம் ஏரியைத்தான் பார்த்தார்கள்.

கடந்த விடுமுறையில் அப்பாவோடு நடந்தபோது, முதல்முறையாக ஏரிக்கு முதுகைக் காட்டி நின்றேன். “என்னம்மா அந்தப் பக்கம் பாக்குற? ஒண்ணுமே இல்லையே” என்றார் அப்பா. மண் அணையின் பின்சரிவில் புல்லைக் குட்டையாக வெட்டி வைப்பது அழகுக்காக அல்ல என்று அவரிடம் சொன்னேன். புல் குட்டையாக இருந்தால்தான் ஈரத்திட்டோ, பள்ளமோ, விலங்கு தோண்டிய வளையோ கண்ணுக்குத் தெரியும். மரம் வளர விடக்கூடாது. வேர் மட்கினால் தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். எந்த மண் அணையிலும் கொஞ்சம் நீர் கசியும். கசிவு தெளிவாக, அளவு மாறாமல் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. கலங்கி வந்தால் அணையின் மண்ணையும் எடுத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். உடனே தகவல் சொல்ல வேண்டும்.

“யாருகிட்ட சொல்றது?” என்று கேட்டார் அப்பா. 2017இல் பாட்டி கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான்.

மக்கள் நடமாடும் ஒவ்வோர் அணையின் நுழைவாயிலிலும் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதி வைத்தால் போதும் என்று நினைக்கிறேன். இந்த அணைக்கு யார் பொறுப்பு, எந்த எண்ணில் அழைக்க வேண்டும்? கடைசியாக எப்போது முழு ஆய்வு நடந்தது, அதில் சொன்ன வேலைகள் முடிந்தனவா? அவசரம் என்றால் கீழே இருப்பவர்களுக்கு எப்படி எச்சரிக்கை வரும், எங்கே போக வேண்டும்? பொறியியல் ரகசியம் எதுவும் இதில் இல்லை. நீச்சல், மீன்பிடிப்பு, குப்பை போடுவது பற்றியெல்லாம் பலகை வைக்கிறோம். அதன் பக்கத்தில் இன்னும் ஒரு பலகை வைப்பது பெரிய செலவில்லை. நாமும் நம் சட்டமன்ற உறுப்பினரிடம், குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்கலாம்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். நம் முன்னோர் அணையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வெள்ளம் வருமுன் அதைப் பார்த்துக்கொள்வதுதான் நம் காலத்து வேலை.

அன்று வீட்டுக்கு வந்ததும் பாட்டியிடம் அணையைப் பற்றி எனக்குத் தெரிந்த வரையில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, அப்ப மழை பேஞ்சா யாரைக் கூப்பிடணும்? அந்த நம்பரைக் காலண்டர்ல எழுதி வை” என்றார். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அப்பாவோடு நானும் போகிறேன்.